குட்டை விரல்களுக்கு எந்தக் கிட்டார்?

கேள்வி: எனக்கு வயது 41. சிறுவயதில் ஐந்தாண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன். இப்போது கிட்டார் மீட்டிக்கொண்டே பாட வேண்டும் என்று ஆசை. வாங்கலாம் என்று இறங்கினால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடையில் பெரிய கிட்டார் ஒன்றைக் காட்டி, "பிக்கப் வைத்தது, நாளைக்கு மேடையிலும் வாசிக்கலாம்" என்றார்கள். என் கொழுந்தனார், "நைலான் கம்பியில்தான் தொடங்க வேண்டும், விரல் வலிக்காது" என்கிறார். அலுவலகத் தோழி ஒருத்தி, தன் வீட்டுப் பரணில் பத்து ஆண்டுகளாகக் கிடக்கும் கிட்டாரைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறாள். என் விரல்கள் குட்டை. கடையில் வாசித்துப் பார்த்தபோது முதல் கட்டத்தில் கம்பியை அழுத்தவே முடியவில்லை. எனக்குக் கிட்டார் வருமா? மூன்றில் எதை வாங்கலாம்? என் ஒன்பது வயது மகளும் அதிலேயே கற்றுக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் இரண்டு முறை படித்தேன். 'முதல் கட்டத்தில் கம்பியை அழுத்தவே முடியவில்லை.' கிட்டார் பழுதுபார்ப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வரியை யாராவது என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சொல்பவர்கள் எல்லோரும் தங்கள் விரலைத்தான் பழிக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கழுத்தின் தலைப்பக்கத்தில், கம்பிகள் உட்கார்ந்து போகும் சின்ன வெள்ளைத் துண்டை. அதற்கு நட் என்று பெயர்.

ஒரு முறை கல்லூரி மாணவர் ஒருவர் புதுக் கிட்டாரோடு வந்தார். வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. "இதை யாருக்காவது விற்றுத் தர முடியுமா? எனக்கு எஃப் கார்ட் வரவே மாட்டேன் என்கிறது" என்றார். ஆள்காட்டி விரலை முதல் கட்டத்தில் குறுக்கே படுக்க வைத்து ஆறு கம்பிகளையும் அழுத்தும் கார்ட், அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடி, அது. கிட்டாரைக் கைவிட்டவர்களைக் கேட்டால், பாதிப் பேர் அந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள். அதே விரல் அமைப்பை ஐந்தாம் கட்டத்துக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். சுத்தமாக ஒலித்தது. அவருக்கே ஆச்சரியம். கட்டங்கள் அங்கே குறுகலாக இருப்பது ஒரு காரணம்தான். ஆனால் இங்கே விஷயம் நட்டில் இருந்தது. கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் ஆழம் போதாமல், கம்பி முதல் கட்டத்தின் மேல் அந்தரத்தில் நின்றது. அதற்கென்றே உள்ள மெல்லிய அரத்தால் இரண்டு இழைப்பு, கம்பியை ஏற்றிப் பார்ப்பது, மறுபடி இரண்டு இழைப்பு. ஆறு கம்பிகளுக்கும் சேர்த்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். கிட்டாரைத் திரும்பக் கையில் வாங்கி எஃப் பிடித்தவர், மீட்டிவிட்டு என்னைப் பார்க்கவில்லை; தன் விரலைத்தான் பார்த்தார். கிட்டாரை விற்கவில்லை.

ஆலையில் ஏன் இப்படி விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். பள்ளம் ஒரு மயிரிழை அதிகமாக ஆழப்பட்டாலும் கம்பி ஃப்ரெட்டில் உரசி 'ஜர்' என்று அதிரும். பிறகு நட்டையே மாற்ற வேண்டும். குறைந்த விலைக் கிட்டாருக்கு அத்தனை பொறுமையோடு ஒருவர் உட்கார்ந்து இழைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே உயரமாகவே விட்டு அனுப்பிவிடுகிறார்கள். வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே உள்ள இடம்தான் கட்டம். ஃப்ரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் புதிதாகக் கற்பவருக்கு முதல் கேள்வி. மரம், நிறம், பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதை நீங்களே சோதிக்கலாம். கடையில் கேப்போ (கழுத்தில் மாட்டி ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) ஒன்று கேட்டு வாங்கி, முதல் ஃப்ரெட்டை ஒட்டி மாட்டுங்கள். இப்போது நட்டின் வேலையை அந்த ஃப்ரெட் ஏற்றுக்கொண்டுவிட்டது. அடுத்த கட்டத்தில் அழுத்திப் பாருங்கள். கேப்போ இல்லாதபோது இருந்ததைவிடச் சட்டென்று இலகுவாகிவிட்டால், குறை நட்டில்தான். இன்னொரு வழியும் உண்டு. ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே எட்டிப் பாருங்கள். மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் போதும். அங்கே விசிட்டிங் கார்டே நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், எந்த விரலுக்கும் அது சிரமம்தான். குட்டை, நெட்டை என்ற பேச்சே இல்லை.

அடுத்து, மறுமுனையின் உயரம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் இரும்பு அளவுகோலை நிறுத்துங்கள். எஃகுக் கம்பிக் கிட்டாரில் தடித்த கம்பியின் அடிப்பாகம் ஃப்ரெட்டிலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குப் பக்கத்திலும், மெல்லிய கம்பி 2 மில்லிமீட்டரோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் நல்லது. நைலான் கம்பி அகலமாக ஆடும் என்பதால் அதற்கு 4, 3 என்று விட வேண்டும். எஃகுக் கம்பியே 4 மில்லிமீட்டரில் நிற்கும் கிட்டார்களைக் கடைச் சுவர்களில் நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அதைக் குறைக்க முடியும். உடல் பக்கத்தில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். அதன் மேல் செருகியிருக்கும் எலும்புத் துண்டை, அதாவது சேடிலை, அடியில் தேய்த்தால் கம்பி இறங்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால், அங்கே ஒரு மில்லிமீட்டர் குறைய வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். தோழியின் கிட்டாருக்கு வரும்போது தேவைப்படும்.

இனி உங்கள் மூன்று கிட்டார்கள்.

கடையில் காட்டிய 'பெரிய கிட்டார்' டிரெட்நாட் வகையாகத்தான் இருக்கும். சந்தையில் அதுதான் அதிகம். 1906இல் மிதக்கவிடப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் இந்தப் பேருடல் கிட்டாரை முதலில் செய்தபோது, அளவைப் பார்த்து அந்தக் கப்பல் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயருக்கு ஏற்ற முழக்கம் உண்டு. ஆனால் அடிப்பகுதி அகலம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், கனம் 12 சென்டிமீட்டருக்கு மேல். சிறிய உடல்வாகு உள்ளவர் மடியில் வைத்தால் வலது தோள் தூக்கிக்கொள்ளும். இடது கை எட்டிப் பிடிக்க உடம்பு முன்னால் சாயும். விரல் குட்டை என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு, மணிக்கட்டு இப்படித் தவறான கோணத்தில் மடங்கியதால் வந்திருக்கலாம்.

பிக்கப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: உங்களுக்கு வேண்டாம். அது கிட்டாரின் ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி. வீட்டில் உட்கார்ந்து பாடுகிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மேடை ஏறும் நாள் வந்தால் அன்றைக்குப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே விலையில் பிக்கப் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று என்றால், இல்லாததில் அந்தக் காசு மரத்துக்கும் வேலைப்பாட்டுக்கும் போயிருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தடியில் ஒரு பக்கம் வளைத்து வெட்டியிருப்பார்களே, அதுவும் மேல் கட்டங்களை எட்டத்தான். முதல் ஓரிரு ஆண்டுகளுக்கு உங்கள் கை அந்தப் பக்கம் போகப்போவதில்லை.

உங்கள் கொழுந்தனார் சொல்வது பாதி சரி. நைலான் கம்பி விரலுக்கு மென்மைதான். ஆறு நைலான் கம்பிகளும் சேர்ந்து கிட்டாரை இழுக்கும் விசை 40 கிலோவை ஒட்டியிருக்கும். வழக்கமான எஃகுக் கம்பிகள் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஆனால் அவர் சொல்லாமல் விட்டது கழுத்தின் அகலம். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டாரில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனி விரலால் மீட்ட வேண்டும் என்பதற்காகக் கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். நட் பக்கத்தில் அதன் அகலம் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கிட்டாரில் ஏறக்குறைய 43தான். ஒன்பது மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் சின்ன எண். குட்டை விரலோடு ஆறாவது கம்பியை எட்டிப் பிடிக்கும்போது அது சின்னதாகத் தெரியாது. வலியைக் குறைக்கப் போய் எட்டாத தொல்லையை வாங்கிக்கொள்வீர்கள்.

நைலானில்தான் தொடங்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. நைலான் கம்பியே 1940களில்தான் கிட்டாருக்கு வந்தது. அதற்கு முன்பு விலங்குகளின் குடலை முறுக்கிச் செய்த நரம்புதான். எந்த ஒலியை நினைத்து ஆசைப்பட்டீர்களோ, அந்தக் கிட்டாரில் தொடங்குவதுதான் முறை. பிரேசிலின் போசா நோவா பாடகர்களைப் போல விரலால் மெல்ல வருடிக்கொண்டு, பேசுகிற குரலில் பாட ஆசையா? அப்படியானால் கொழுந்தனார் சொல்வதைக் கேளுங்கள். ஒலியில் கணகணப்பும், கையில் தாளமும் வேண்டும் என்றால் எஃகுதான். 'மீட்டிக்கொண்டே பாட' என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்து, இரண்டாவதுதான் உங்கள் ஆசை என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நைலான் கிட்டாரை வாங்கிவிட்டு, ஒலி போதவில்லை என்று அதில் எஃகுக் கம்பியைப் பூட்டிவிடாதீர்கள். பதினைந்து வயதில் நான் அதைச் செய்தேன். இரண்டு நாள் அட்டகாசமாக ஒலித்தது. மூன்றாம் நாள் நடு இரவில் அறைக்குள் வெடி வெடித்தது போல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், பிரிட்ஜ் மரச் சிராய்களோடு பெயர்ந்து கம்பியில் தொங்குகிறது. இன்று இந்தத் தொழிலில் இருப்பதற்கு அந்த இரவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் இவ்வளவு செலவு செய்து தொழில் கற்க வேண்டியதில்லை.

தோழியின் பரண் கிட்டார்தான் இந்த மூன்றில் சுவாரசியமானது. அது பொக்கிஷமாகவும் இருக்கலாம், விறகாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பார்க்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள். கிட்டாருக்கு ஒத்துக்கொள்ளும் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கூரைக்கு அடியில் வெக்கையும் ஈரமும் மாறி மாறி அடித்த பத்து ஆண்டுகள் மரத்தில் எங்காவது எழுதப்பட்டிருக்கும்.

வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள பலகை. லேசான புடைப்பு எஃகுக் கம்பிக் கிட்டாரில் இயல்புதான். தொப்பை போல உப்பியிருந்தால் இயல்பில்லை. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளின் ஓரத்தைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பிரிட்ஜ் பெயரத் தொடங்கிவிட்டது என்று பொருள். அது ஒட்டக்கூடிய குறைதான், ஆனால் விலையில் கழிக்க வேண்டிய குறை. ஒலித் துளையைச் சுற்றியும் பிரிட்ஜிலிருந்து கீழேயும் மர இழையோடு ஓடும் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். மேல் பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். உள்ளே எதுவோ தளர்ந்து கடகடவென்று ஆடினால், தாங்கு கட்டை ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

பிறகு கழுத்து. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இழுத்துப் பிடித்த கம்பிதான் இப்போது உங்கள் அளவுகோல். நடுவே, ஏழாம் ஃப்ரெட்டை ஒட்டி, கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டின் கனம் இடைவெளி இருக்கலாம். அதைவிட அதிகம் என்றால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. பயப்பட வேண்டாம், கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது, அதன் திருகை முறுக்கி நிமிர்த்திவிடலாம். அந்தத் திருகு துருப்பிடித்து இறுகியிருந்தால்தான் சிக்கல். தெரிந்தவர் ஒருவர் அதை அசைத்துப் பார்க்கட்டும், நீங்கள் முயல வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது சேடில். கம்பி பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் மிக உயரமாக நிற்கிறது, சேடிலோ ஏற்கெனவே பிரிட்ஜோடு பிரிட்ஜாகத் தேய்ந்து கிடக்கிறது என்றால், இனிமேல் இறக்க இடமில்லை. பல ஆண்டு இழுவையில் கழுத்து உடலோடு சேரும் கோணமே மாறிவிட்டது என்பதற்கு அது அடையாளம். கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலை, சாதாரணக் கிட்டாரின் விலையையே விழுங்கிவிடும். அப்படிப்பட்டதை உங்கள் தோழி இலவசமாகத் தந்தாலும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாறாக, சேடில் பிரிட்ஜுக்கு மேலே மூன்று நான்கு மில்லிமீட்டர் நிமிர்ந்து நின்று, கழுத்தும் நேராக இருந்து, கம்பிகள் மட்டும் துருவேறிக் கிடந்தால், யோசிக்காமல் வாங்குங்கள். புதுக் கம்பியும் அரைநாள் வேலையும் போதும். கடையில் பார்த்த புதுக் கிட்டாரைவிட அது உங்கள் கைக்கு இணங்கும்.

தோழியின் கிட்டார் தேறவில்லை என்றால், புதிதாக வாங்க வேண்டியது எது? எஃகுக் கம்பி, நட் அகலம் 43 மில்லிமீட்டர், டிரெட்நாட்டைவிடச் சிறிய உடல். கடையில் 'கான்செர்ட்' என்றோ 'ஓ.எம்.' என்றோ சொல்வார்கள். ஓ.எம். உடலின் கனம் 10 சென்டிமீட்டர் சொச்சம்தான். மடியில் அடங்கி உட்காரும். இடுப்பு ஒடுங்கிய அதன் வடிவம் பாடும் குரலை மூழ்கடிக்காது என்பது கூடுதல் லாபம்.

மேல் பலகை முழு மரமா, ஒட்டுப் பலகையா என்று விற்பனையாளர் நிறையப் பேசுவார். ஒலித் துளையின் விளிம்பைப் பாருங்கள். மேலே தெரியும் மர இழைகள் விளிம்பிலும் அப்படியே கீழிறங்கினால் முழு மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டு. முழு மரத்தின் ஒலி திறந்திருக்கும், நாளாக ஆகச் செழிக்கும். ஒட்டுப் பலகை வெயிலையும் ஈரத்தையும் அதிகம் தாங்கும். கையிருப்பு இடம் கொடுத்தால் முழு மரம் வாங்குங்கள். கொடுக்காவிட்டால் அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பி உயரம் சரியான ஒட்டுப் பலகைக் கிட்டாரில் ஒருவர் வாசிக்கக் கற்றுவிடுவார். உயரம் தப்பிய முழு மரக் கிட்டாரில் அவரே மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவார். எலெக்ட்ரிக் கிட்டார் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் இழுக்கவில்லை.

உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: ஐந்தாண்டு வாய்ப்பாட்டில் பழகிய காது. அதைக் கடையில் பயன்படுத்துங்கள். டியூனரை வைத்துத் திறந்த கம்பிகளை, அதாவது எங்கும் விரல் வைத்து அழுத்தாத கம்பிகளை, சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு கம்பியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி வாசியுங்கள். திறந்த கம்பியின் சரியான மேல் ஸ்தாயி அங்கே வர வேண்டும். திறந்த கம்பி ஆதார சட்ஜமம் என்றால் இது தார சட்ஜமம். ஆறு கம்பிகளிலும் பாருங்கள். சற்றே உயர்ந்தோ தாழ்ந்தோ பிசிறினால் கம்பி பழையதாக இருக்கலாம், உயரம் அதிகமாக இருக்கலாம், சேடிலின் இடமே தவறியிருக்கலாம். புதுக் கம்பி போட்டும் உயரத்தைச் சரிசெய்தும் பிசிறு போகவில்லை என்றால் வேறு கிட்டாரைக் கேளுங்கள். சுருதி சேராத வாத்தியத்தோடு பாடினால் உங்கள் குரலும் அதோடு போய்விடும். பாட்டு கற்றவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போதே இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். நட்டையும் சேடிலையும் மேலே சொன்ன அளவுக்கு இறக்கித் தர வேண்டும். இதை 'செட்டப்' என்பார்கள். கடையில் செய்யாவிட்டால், கிட்டாருக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை எடுத்து வைத்து, வெளியே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். இன்னொன்று கம்பியின் தடிமன். பெரும்பாலும் 12 எண் கம்பி பூட்டியிருப்பார்கள். அதாவது முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 12 பங்கு. உங்களுக்கு 10 எண் போதும். ஒலி சற்று மெலியும், ஆனால் மொத்த இழுவை பத்துக் கிலோவுக்கு மேல் குறையும். கம்பியை மாற்றிய பிறகு உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு முறை வேலை.

அதுவும் கடினமாக இருந்தால், முதல் சில வாரங்களுக்கு ஆறு கம்பிகளையும் அரைச் சுருதி இறக்கி வையுங்கள். இழுவை நூற்றுக்குப் பதினொன்று குறையும். தனியாகப் பாடும்போது சுருதி எதுவானால் என்ன, உங்கள் குரலுக்கு அது பொருத்தமாகவும் அமையலாம். விரல் நுனி சில வாரம் எரியும், பிறகு காய்த்துவிடும். கட்டத்தின் நடுவில் அழுத்தாமல் ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் பாதி பலம் போதும்.

மகளுக்கு இதே கிட்டார் வேண்டாம். ஒன்பது வயதுக்கு முக்கால் அளவுக் கிட்டார் இருக்கிறது. குழந்தையின் கைக்கு நைலானே நல்லது. கொழுந்தனாரின் ஆலோசனை அவளுக்குப் பொருந்தும். முதலில் நீங்கள் வாசிப்பதை அவள் கொஞ்ச நாள் பார்க்கட்டும், அவளாகவே கேட்கும்போது வாங்கலாம்.

செட்டப் செய்பவரிடம் ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள். பழைய சேடிலைத் தேய்க்காமல், புதிய எலும்புத் துண்டில் உயரம் குறைத்துப் பூட்டித் தரட்டும். பழையதை உறையின் பைக்குள் போட்டு வையுங்கள். வறண்ட மாதங்களில் பலகை சுருங்கி, கம்பி தாழ்ந்து, ஃப்ரெட்டில் உரசத் தொடங்கினால் அன்றைக்கு அதை எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.